கிளம்பும் முன் மூட்டையை இழுத்துப் பாருங்கள்

ஸ்போர்ட்ஸ் பைக்கில் ஊர் சுற்றும் தம்பி தங்கைகளுக்கும், அவர்களை அழைத்துப்போகும் ரைடிங் குழுக்காரர்களுக்கும்:

உங்கள் குழுக்களோடு வரும்போது பெரும்பாலும் நான் கடைசி வண்டியாக வருகிறேன். முன்னால் போகும் தலைவருக்குச் சாலை தெரியும். எனக்கு உங்கள் முதுகும் மூட்டையும்தான் தெரியும். எந்தப் பை ஒரு பக்கமாகச் சரிகிறது, எந்த வார் அவிழ்ந்து ஆடுகிறது, யாருடைய பிரேக் விளக்கை மழையுறை மூடிக்கொண்டிருக்கிறது என்பதையெல்லாம் மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டே வருகிறேன். உங்கள் கண்ணாடியில் அது தெரியாது. பார்த்துப் பார்த்து மனம் பதறியதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "ஊர் சுத்தணும்னா அதுக்குன்னு இருக்கிற வண்டியை வாங்க வேண்டியதுதானே, ஆர்15-ல எதுக்கு மூட்டை கட்டிக்கிட்டு?" என்று உங்களைக் கேட்கிறவர்கள் பக்கம் நான் இல்லை. வீட்டில் இருப்பது ஒரே வண்டி. கல்லூரிக்கும் அதுதான், வேலைக்கும் அதுதான், வால்பாறைக்கும் அதுதான். மாதத் தவணை கட்டி ஆசையாக வாங்கிய வண்டியில் ஊர் பார்க்கக் கூடாது என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. 2008-இல் யமஹா ஆர்15 வந்ததிலிருந்து நம் பிள்ளைகள் அதில் போகாத ஊர் இல்லை. ஓசூரில் தயாராகும் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310, 2017 கடைசியில் வந்தது. அதையும் லடாக் வரை கொண்டுபோனவர்கள் இருக்கிறார்கள். வண்டி தாங்கும். நாம் அதன்மேல் கட்டுகிற கட்டுதான் தாங்குவதில்லை.

உங்கள் வண்டியின் பின்பக்கத்தை ஒரு முறை நின்று பாருங்கள். பின்சீட்டு உயரமாக, குறுகலாக, பின்னோக்கிக் கூம்பிக்கொண்டே போகிறது. அதற்குக் கீழே இருபுறமும் பிளாஸ்டிக் தகடு. சைலன்சர் பெரும்பாலும் வலப்பக்கமாக மேல்நோக்கி நிமிர்ந்திருக்கிறது. முன்னால் ஹேண்டில்பார் தாழ்ந்து டேங்கை ஒட்டியே இருக்கிறது. ஒரு பையைச் சமமாக வைக்க இதில் எங்கும் இடமில்லை. ஆகவே கடைக்குப் போய்ப் பையைப் பார்த்துவிட்டு அப்புறம் வண்டியில் எங்கே கட்டலாம் என்று தேடுவது தலைகீழான வேலை. வண்டியில் கட்டுவதற்கு உறுதியான இடம் எது, சூடாகும் இடம் எது, அசையும் இடம் எது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் பையைத் தேடுங்கள்.

அளவு விஷயத்தில் உங்களோடு எனக்கு ஒரு சண்டையே உண்டு. தள்ளுபடியில் கிடைக்கிறது என்று 70 லிட்டர் பையை வாங்கிவிடுகிறீர்கள். பெரிய பை காலியாக வராது. இரண்டாவது ஜீன்ஸ், மூன்றாவது ஷூ, ஓட்டலில் எப்படியும் கிடைக்கிற துண்டு என்று எல்லாம் உள்ளே போய்விடும். ஆர்15 ஏறத்தாழ 140 கிலோ வண்டி. அதன்மேல் 20 கிலோ மூட்டை ஏறினால் வண்டி எடையில் ஏழில் ஒரு பங்கு கூடுகிறது, அதுவும் மிக உயரமான இடத்தில். வளைவில் சாய்க்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் அது வண்டியை வேறு வண்டியாக்கிவிடும். டேங்க் மேல் ஒரு சின்னப் பை, பின்சீட்டில் 30 லிட்டரில் ஒன்று. ஒரு வாரப் பயணத்துக்கு இது போதும். இரவில் துவைத்துக் காயப்போட்டால் காலையில் காய்ந்துவிடும் துணியாகப் பார்த்து எடுங்கள். வண்டியோடு வரும் கையேட்டில் மொத்தச் சுமை வரம்பு போட்டிருக்கும். அது மூட்டைக்கு மட்டுமான கணக்கில்லை. நீங்கள், பின்னால் உட்காருபவர், ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் சேர்ந்ததுதான் அந்த எண்.

முதுகில் மாட்டும் பை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்போர்ட்ஸ் பைக்கில் நாம் முன்னால் குனிந்து உட்காருகிறோம். முதுகின் சுமை முழுவதும் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் போகிறது. நூறு கிலோமீட்டரில் கை மரத்துவிடும். விழுந்தால் பைக்குள் இருக்கும் பூட்டும் ஸ்பேனரும் முதுகெலும்பில்தான் குத்தும். தண்ணீரும் ஒரு சட்டையும் தவிர வேறெதையும் அதில் வைக்காதீர்கள்.

டேங்க் பையில்தான் கனமான சின்னச் சாமான்களை வைக்க வேண்டும். பஞ்சர் கிட், ஸ்பேனர், சார்ஜர், பூட்டுச் சங்கிலி எல்லாம் அங்கே. அந்த எடை இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் விழுவதால் வண்டிக்குத் தொந்தரவு குறைவு. காந்தம் வைத்த பை வாங்குமுன் வீட்டுப் பிரிட்ஜில் ஒட்டியிருக்கும் ஒரு காந்தத்தை எடுத்து டேங்கில் ஒட்டிப் பாருங்கள். சில வண்டிகளில் வெளியே தெரியும் டேங்க் வெறும் பிளாஸ்டிக் மூடிதான். அங்கே காந்தம் நிற்காது. ஒட்டும் டேங்காக இருந்தாலும் அடியில் இரும்புத்தூளும் மண்ணும் சேர்ந்து பெயின்டை அரித்துவிடும், தினமும் துடைக்க வேண்டும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் காந்தப் பை பக்கமே போக வேண்டாம். பெட்ரோல் மூடியைச் சுற்றி வளையம் பொருத்தி அதில் பையைச் சொடுக்கி மாட்டும் முறையை இத்தாலியின் ஜிவி போன்ற நிறுவனங்கள் செய்கின்றன. விலை கூடுதல்தான். ஆனால் பங்க்கில் ஒரு கையால் கழற்றி மாட்டலாம், பெயின்டிலும் கீறல் விழாது.

பை எதுவானாலும், மாட்டியதும் ஹேண்டில்பாரை இடக்கோடி முதல் வலக்கோடி வரை திருப்பிப் பாருங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. பை ஹாரனை அமுக்குகிறதா, பிரேக் லீவரில் இடிக்கிறதா, உங்கள் கட்டைவிரல் பைக்கும் பிடிக்கும் நடுவில் மாட்டுகிறதா? நேர்ச்சாலையில் இது தெரியவே தெரியாது. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. அங்கே ஏதோ ஒரு வளைவில், எதிரே அரசுப் பேருந்து இறங்கி வரும்போது, ஹேண்டில் முழுதாகத் திரும்பவில்லை என்று கண்டுபிடிப்பதைவிட வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

இனி பின்பக்கம். எனக்கு வயிற்றைக் கலக்குவது இங்கேதான்.

இருபுறமும் தொங்கும் சேடில் பையை ஸ்போர்ட்ஸ் பைக்கில் போடுகிறவர்கள் இரண்டு இடைவெளிகளைப் பார்க்க வேண்டும். ஒன்று சைலன்சருக்கும் பைக்கும் நடுவில். கடையில் காலிப் பையைப் போட்டுப் பார்க்கும்போது நான்கு விரல் இடைவெளி இருக்கும். சாமான் ஏறி, வார் கொஞ்சம் இளகி, 80 கிலோமீட்டர் வேகக் காற்று பையை உள்ளே தள்ளும்போது அந்த இடைவெளி இருக்காது. திண்டிவனம் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தியபோது பிளாஸ்டிக் கருகும் வாடை வந்து எல்லோரும் தங்கள் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். ஒரு தங்கையின் வலப்பக்கப் பையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை விழுந்திருந்தது. உள்ளே மடித்து வைத்த மழைக்கோட்டு நான்கு மடிப்பும் ஒன்றோடொன்று உருகி ஒட்டி, பிரிக்க வராத ஒரே கட்டியாகிக் கிடந்தது. அதற்கு அடுத்த மடிப்பில் அவர் பவர் பேங்க் வைத்திருந்தார். லித்தியம் பேட்டரி அவ்வளவு சூட்டை வாங்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது இடைவெளி டயருக்கும் பைக்கும் நடுவில். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது பின்சக்கரம் பையை நோக்கி மேலே வரும். நின்றிருக்கும் வண்டியில் இது தெரியாது. நண்பர்கள் இருவரைப் பின்னால் உட்காரவைத்து அமுக்கச் சொல்லிப் பாருங்கள். அப்படியே இன்னொன்றும் கேட்கிறேன்: உங்கள் வண்டியின் சாரி கார்டு எங்கே? வண்டி எடுத்த வாரமே "லுக்கு கெடுது" என்று கழற்றிப் பரணில் போட்டிருப்பீர்கள். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பு இருக்க வேண்டும் என்கிறது. பின்னால் உட்காருபவரின் சேலையும் துப்பட்டாவும் சிக்காமல் இருக்க வந்த விதி அது. தொங்கும் பைக்கும் அதே ஆபத்துதான். அந்தத் தடுப்பு இருக்கும் பக்கத்தில் பை உள்ளே சாயும்போது அதில் முட்டி நிற்கும். அது இல்லாத வண்டியில் சேடில் பை போடவே போடாதீர்கள்.

பின்சீட்டின் மேல் வைக்கும் டெயில் பைதான் நம் வண்டிகளுக்குப் பொருத்தம் என்பது என் கருத்து. கட்டுகிற விதம் சரியாக இருந்தால் அதைப்போல நிம்மதி வேறில்லை. சாவி போட்டுப் பின்சீட்டைக் கழற்றுங்கள். அடியில் தெரியும் இரும்புச் சட்டத்தைச் சுற்றி வளையம் வைத்த வார்களைப் போட்டு, வளையங்கள் மட்டும் இருபுறமும் வெளியே தெரியும்படி விட்டு, சீட்டைத் திரும்பப் பூட்டுங்கள். சீட்டு சரியாகப் பூட்டிக்கொண்டதா என்று தூக்கிப் பாருங்கள். அந்த வளையங்களில் பையை நான்கு மூலையிலும் கட்டுங்கள். பின்சீட்டுக்காரரின் கால்மிதி பொருத்தியிருக்கும் தகடும் உறுதியான இடம்தான். இண்டிகேட்டர் தண்டு, நம்பர் பிளேட் தாங்கி, பக்கவாட்டுப் பிளாஸ்டிக் இவற்றில் கட்டவே கூடாது. அவை தங்கள் எடையைத் தாங்க மட்டுமே செய்யப்பட்டவை. கேரியர் வேண்டுமென்று பட்டறையில் கொடுத்துச் சட்டத்தில் வெல்டிங் வைக்காதீர்கள். மெல்லிய குழாய் சூட்டில் பலம் இழந்துவிடும், வாரண்டியும் போய்விடும்.

பை உங்கள் முதுகை ஒட்டி முன்னால் இருக்க வேண்டும். பின்னால் தள்ளி வைத்தால் முன்சக்கரத்தில் பாரம் குறையும், மேடேறும்போது ஹேண்டில் லேசாகி ஆட ஆரம்பிக்கும். கனமானது அடியில், துணி மேலே. பை உயரமாக இருந்தால் காலைத் தூக்கிப் போட்டு ஏறும்போது பூட்ஸ் அதில் தட்டும். நின்ற இடத்திலேயே வண்டியோடு சாய்பவர்கள் அப்படித்தான் சாய்கிறார்கள். முழங்காலை மடக்கி, மூட்டைக்கும் டேங்குக்கும் நடுவில் காலை நுழைத்து ஏறப் பழகுங்கள்.

இப்போது அந்த ரப்பர் கயிறு. இருமுனையிலும் இரும்புக் கொக்கி வைத்து எல்லா ஊர் கடைவீதியிலும் தொங்குகிறதே, அதுதான். இழுபடும் எதுவும் குலுங்கலில் மேலும் இழுபடும். மூட்டை ஒரு விரல் அளவு அசைந்தால் கொக்கி கழன்றுவிடும். கழன்ற கொக்கி நேரே சக்கரத்துக்குள் போகும். மாட்டும்போது நழுவினால் கண்ணுக்குத்தான் வரும். ஸ்கூட்டர் கால்வைக்கும் இடத்தில் அரிசிப் பை கட்டுவதற்கு அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலைக்கு வேண்டாம். பக்கிள் வைத்த இழுபடாத நைலான் வார் போதும். ரப்பர் கலந்த வார்தான் வேண்டுமென்றால் கொக்கி இல்லாமல் கண்ணியாக மாட்டும் வகையைத் தேடி வாங்குங்கள்.

நல்ல வாரிலும் ஆபத்து இருக்கிறது, அதன் நுனியில். கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் போகும் சாலையில் எனக்கு முன்னால் போன ஒரு தம்பியின் பையில் இறுக்கிய பிறகு மிச்சமிருந்த வார் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. ஒரு சாண் இருந்தது ஒன்றரைச் சாண் ஆயிற்று, பிறகு முழநீளம் ஆயிற்று. ஹாரன் அடித்தேன், விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தேன். வேகமாகப் போகச் சொல்கிறேன் என்று நினைத்து அவர் இன்னும் முறுக்கினார். பக்கத்தில் போய்க் கையைக் காட்டி நிறுத்தியபோது வாரின் நுனி செயினில் ஒரு முறை கடிபட்டு வெளியே வந்திருந்தது. கிரீஸ் படிந்து கறுத்து, ஸ்ப்ராக்கெட் பற்கள் கடித்த தடம் வரிசையாக அதில் தெரிந்தது. அடுத்த முறை அது வெளியே வந்திருக்காது. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஆர்15-இன் பின்சக்கரம் நொடிக்குப் பதினொரு சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. பின்சக்கரம் பூட்டிக்கொண்டது என்று மூளைக்கு உறைப்பதற்குள் வண்டி குறுக்கே படுத்திருக்கும், பின்னால் லாரி வந்துகொண்டிருக்கும். வார் நுனியைச் சுருட்டி ரப்பர் பாண்டு போடவோ, மிச்சத்தை வெட்டி நுனியைத் தீயில் காட்டி உருக்கிவிடவோ ஒரு நிமிடம் ஆகாது.

மழைக்கு: பையோடு வரும் மேலுறையை நம்பாதீர்கள். காற்று புகுந்து அது உப்பும், பிய்த்துக்கொண்டு பறக்கும், இல்லாவிட்டால் பிரேக் விளக்கின்மேல் சரிந்து விழும். பைக்குள்ளே கனமான பாலிதீன் உறையைப் போட்டு, அதற்குள் துணியை வைத்து வாயை முறுக்கிக் கட்டுங்கள். சின்னக்கல்லாறு மழைக்கே அது ஈடுகொடுக்கும்.

லடாக் கனவு இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மணாலி–லே சாலையில் தண்டி பங்க்கில் அடுத்த பங்க் 365 கிலோமீட்டரில் என்று எழுதிய பலகை பல காலமாகப் பேர்போனது. 11 லிட்டர் டேங்க் உள்ள ஆர்ஆர் 310 லிட்டருக்கு 30 கொடுத்தாலும் 330-இல் நின்றுவிடும். உபரி பெட்ரோல் எடுத்துப்போகத்தான் வேண்டும். அதைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிச் சேடில் பையில் செருகுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். பெட்ரோலுக்கென்றே செய்த கேனில், சைலன்சருக்கு எதிர்ப்பக்கத்தில், அசையாமல் கட்டி எடுத்துப்போங்கள்.

மூட்டை ஏறியதும் பின்டயரின் காற்றழுத்தத்தை, இருவர் போகும்போது வைக்கச் சொல்லியிருக்கும் அளவுக்கு ஏற்றுங்கள். அந்த எண் வண்டியிலேயே ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். சஸ்பென்ஷனை இறுக்கும் வசதி இருந்தால் ஓரிரு படி இறுக்குங்கள். பின்பக்கம் அமுங்கினால் ஹெட்லைட் மேலே தூக்கி எதிரே வருபவர் கண்ணைப் பறிக்கும்.

இதெல்லாம் ஓட்டுகிறவர் செய்ய வேண்டியவை. என் பெரிய ஆதங்கம் குழுக்களை நடத்தும் உங்களிடம். விடியற்காலை ஸ்ரீபெரும்புதூர் பங்க்கில் கூடுகிறோம். ஜாக்கெட் இருக்கிறதா, முழங்கால் காப்பு இருக்கிறதா, ஹெல்மெட் வார் போட்டாயா என்று ஒவ்வொருவராகப் பார்க்கிறீர்கள். பத்து வருடத்துக்கு முன் அது இல்லை. நீங்கள்தான் பிடிவாதமாக நின்று பழக்கமாக்கினீர்கள், அதற்கு நன்றி. ஆனால் ஒருவர்கூட இன்னொருவரின் மூட்டையில் கை வைத்துப் பார்ப்பதில்லை. அது அவரவர் சொந்த விஷயம் என்று விட்டுவிடுகிறோம். முன்னால் போகும் வண்டியிலிருந்து கழன்று விழும் பை பின்னால் வருபவரைத்தான் வீழ்த்தும். அது எப்படி ஒருவருடைய சொந்த விஷயம் ஆகும்?

ஆகவே கேட்கிறேன். கிளம்பும் இடத்தில் மூன்று நிமிடம் ஒதுக்குங்கள். ஒவ்வொருவரும் அடுத்தவரின் பையைப் பிடித்து இடமும் வலமும் பின்னுமாகப் பலமாக இழுத்துப் பார்க்கட்டும். வண்டி அசைய வேண்டும்; வண்டியை விட்டுப் பை தனியாக அசையக் கூடாது. வார் நுனி தொங்கக் கூடாது, ஹேண்டில் இருபக்கமும் முழுதாகத் திரும்ப வேண்டும், பிரேக் விளக்கும் இண்டிகேட்டரும் நம்பர் பிளேட்டும் பின்னால் நிற்பவருக்குத் தெரிய வேண்டும். தேறாத மூட்டையை அங்கேயே பிரித்துக் கட்டச் சொல்லுங்கள், அதற்காகக் குழு முழுவதும் காத்திருக்கட்டும், அவரை யாரும் கேலி செய்ய வேண்டாம். ஹெல்மெட் இல்லாதவரைத் திருப்பி அனுப்பும் அதே அதிகாரம் இதற்கும் தலைவரிடம் இருக்கட்டும். முதல் முப்பது கிலோமீட்டரில் ஒரு நிறுத்தம் வையுங்கள், டீக்கு இல்லை, வார்களை இறுக்குவதற்கு. புதிதாகக் கட்டிய மூட்டை எல்லாமே அதற்குள் கொஞ்சம் இளகியிருக்கும். மூட்டை அவிழ்கிறது என்று சொல்ல ஒரு கைச்சைகையை எல்லோருக்கும் கற்றுக்கொடுங்கள், கடைசி வண்டிக்காரர் ஹாரன் அடித்தால் வேகமெடுக்கக் கூடாது என்றும் சொல்லிக்கொடுங்கள். இரண்டு உபரி வார்களைக் கடைசி வண்டியில் எப்போதும் வைத்திருக்க ஏற்பாடு செய்யுங்கள்.

புதிதாகச் சேருபவர்களுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை ஒதுக்கி, வண்டியோடும் பையோடும் வரச்சொல்லி, சீட்டைக் கழற்றி வார் போடுவதிலிருந்து காட்டிக்கொடுங்கள். எந்தக் குழு அழைத்தாலும் நான் வருகிறேன். அதற்கு முன்னால், அடுத்த பயணத்துக்கு நீங்கள் அனுப்பப்போகும் அறிவிப்பில் ஹெல்மெட், ஜாக்கெட், ஷூ கட்டாயம் என்று எழுதும் அதே வரியில் மூட்டைச் சோதனையும் கட்டாயம் என்று சேர்த்து அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்களுக்குப் பின்னால் வருபவன்